மேல் போர்ஷனின் ஞாயிற்றுக்கிழமைகள்

இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு போர்ஷன்கள். கீழே நாங்கள், மேலே என் கணவரின் தம்பியும் அவர் மனைவியும். பின்னால் சண்டை வரக்கூடாது என்று மாமனார் இரண்டையும் ஒரே அளவில் கட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். கீழே ஜன்னல் இருக்கும் இடத்தில் மேலேயும் ஜன்னல் இருக்கும். கீழே இரண்டு அலமாரி என்றால் மேலேயும் இரண்டுதான். அப்படி எதிலும் ஏற்றத்தாழ்வு இல்லாத வீட்டில், எண்பதுகளின் நடுவிலிருந்து பத்து வருடத்துக்கு மேல், நான் என் ஓரகத்தியைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

அவளிடம் இருந்த நகையெல்லாம் என்னிடமும் இருந்தது. என்னிடம் இல்லாதது அவளுடைய ஞாயிற்றுக்கிழமை.

கொழுந்தனார் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். இரும்புத் தகடுகளை வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்யும் இடம். வாரம் முழுக்கச் சட்டையில் துருக்கறையோடுதான் வீட்டுக்கு வருவார். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் குளித்துவிட்டு வந்ததும் மேலே பேச்சும் சிரிப்பும் ஆரம்பித்துவிடும். ஞாயிறு காலையில் நான் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஸ்கூட்டரை உதைக்கும் சத்தம் கேட்கும். அவள் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, ஒரு துணிப்பையோடு என் சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள்.

"அக்கா, சும்மா கோவளம் வரிக்கும் போயிட்டு வந்துர்றோம்."

ஒரு வாரம் கோவளம், அடுத்த வாரம் மாமல்லபுரம். பறவை வரும் காலத்தில் வேடந்தாங்கல். திங்கட்கிழமையும் லீவு சேர்ந்து வந்தால் புதுச்சேரி. எங்கே போனாலும் அவளுக்கு அது 'சும்மா'தான். அந்த ஒரு வார்த்தைதான் எனக்குத் தாங்காது.

நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் நாள், துணி ஊறவைக்கும் நாள், வாரம் முழுக்க விட்டுப்போன ஒட்டடையை அடிக்கும் நாள். என் கணவர் ரயில்வேயில் குமாஸ்தா. பாஸ் உண்டு. இந்தியாவில் தண்டவாளம் போட்ட எந்த ஊருக்கும் போகலாம். ஆனால் அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது.

"இது ஒரு போக்கா?" என்பார், ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டதும். "போன எடத்துத் தண்ணி தொண்டைக்குப் பழகறதுக்குள்ள திரும்பி வந்து நிக்கறானுங்க. போனா மூணு வாரம் போகணும். இல்லன்னா வீட்டுல இருக்கணும்."

அதனால் நாங்கள் வீட்டில் இருந்தோம். அவர் லீவு எடுக்கமாட்டார். காய்ச்சல் வந்தாலும் மாத்திரை போட்டுக்கொண்டு ஆபீஸ் போவார். எல்லா லீவையும் சேர்த்து வைத்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை, என் பள்ளிக்கூடத்துக் கோடை விடுமுறையில், ஒரு பெரிய யாத்திரை. அதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே ரயில்வே டைம் டேபிளை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். எந்த ஸ்டேஷனில் வண்டி மாறுவது, எங்கே குளிப்பது, எங்கே தயிர்சாதம் பிரிப்பது என்று எல்லாம் அதில் முடிவாகிவிடும்.

எனக்கு அவர் சொன்னது சரியென்றுதான் பட்டது. யோசித்துப் பார்த்தால் அரை நாள் வெயிலில் அலைந்து, மண்ணை மிதித்துவிட்டு வருவதில் என்ன இருக்கிறது? ஆனால் ஞாயிறு சாயங்காலம் அவள் படியேறும்போது அவள் முகத்தைப் பார்த்தால் அந்த நியாயம் எதுவும் நிற்காது. முகம் கறுத்து, உதடு காய்ந்து, முடி பறந்து, அசிங்கமாகத்தான் இருப்பாள். ஆனாலும் யாரோ இப்போதுதான் சுவிட்சைப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம். வந்ததும் புடவையை அலசி மேல் கொடியில் போடுவாள். அது கீழே காயும் என் வடகத்தின் மேல் சொட்டும். அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வாரமும் வடகத் துணியை அதே இடத்தில்தான் விரித்தேன், சண்டைக்கு ஒரு காரணம் கிடைக்கட்டும் என்று. அவளோ ஓடிவந்து, "ஐயோ, பாக்காம போட்டுட்டேங்க்கா" என்று துணியை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி வைத்துவிடுவாள். அதோடு சண்டையும் போய்விடும்.

தெருவிலும் அவளுக்குத்தான் மவுசு. ரேஷன் கடை வரிசையில், "இந்த வாரம் எங்க?" என்று அவளைக் கேட்பார்கள். என்னை யார் கேட்பது? மூன்று வார யாத்திரையின் கதையை மூன்று நாளில் தெரு கேட்டு முடித்துவிடும். அதற்குப்பின் நான் அடுத்த யாத்திரைக்குக் காத்திருக்க வேண்டும். அவளுக்கு வாரம் ஒரு புதுக் கதை. இத்தனைக்கும் அவள் பிறந்தது பம்மலில், தோல் பதனிடும் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில். கல்யாணத்துக்கு முன் பல்லாவரம் சந்தையைத் தாண்டிப் போனதில்லை என்று அவளே சொல்வாள்.

இதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பிறகு என் மகளும் அவர்களோடு போக ஆரம்பித்தாள்.

எங்களுக்கு ஒரே பெண். மேலே குழந்தை இல்லை. அவள் நடக்கப் பழகியதே மாடிப்படியில்தான் என்று சொல்லவேண்டும். ஐந்து வயதில் ஸ்கூட்டரின் முன்னால், சித்தப்பாவின் இரண்டு கைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போனாள். அந்த முதல் ஞாயிறு திரும்பி வந்தபோது அவள் காலெல்லாம் மணல், பாவாடை ஈரம். வழக்கமாக நான் இரட்டைப் பின்னல் போட்டு மடித்துக் கட்டுவேன். சித்தி அதைப் பிரித்து ஒற்றைப் பின்னலாகப் போட்டு, எங்கேயோ பறித்த மஞ்சள் பூவைச் செருகியிருந்தாள்.

"யாரு பிரிச்சது?" என்றேன்.

"சித்தி. இதான் எனக்கு நல்லா இருக்காம்."

நல்லாத்தான் இருந்தது. அதுதான் பிரச்சினை.

அதற்குப் பிறகு ஒரு தடவை நான் பிடிவாதம் பிடித்தேன். நாமும் ஒரு ஞாயிறு மாமல்லபுரம் போவோம் என்றேன். என் கணவர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நாள் பயணத்துக்கு அவருக்கு மூட்டை கட்டத் தெரியாது. தண்ணீர்க் கேன், ஜமக்காளம், காய்ச்சல் மாத்திரை, குடை, மாற்றுத்துணி எல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தோம். கடலைப் பார்த்த மாத்திரத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணி பஸ்ஸ விட்டா கூட்டம் அள்ளிடும்" என்றார். குழந்தை அலையில் கால் நனைக்கும் முன்பே செருப்பைப் போடச் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் வியர்த்து நின்றுகொண்டிருந்தபோது, எங்களைத் தாண்டிக்கொண்டு ஒரு ஸ்கூட்டர் போனது. மேல் போர்ஷன்காரர்கள்தான். ஓரகத்தி எங்களைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள். என் மகள் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "சித்தீ!" என்று கத்தினாள். அந்த நாள் முழுக்க அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, இனிமேல் பெரிய யாத்திரை மட்டும் போதும் என்று நானே சொல்லிவிட்டேன்.

அடுத்த பெரிய யாத்திரை தில்லி, ஆக்ரா, ஹரித்துவார், அங்கிருந்து சிம்லா.

கிளம்பும் அன்று வீட்டைப் பூட்டி, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, சாவியை ஓரகத்தியிடம் கொடுத்தேன். கேட் வரைக்கும் வந்தாள். "நல்லா பாத்துட்டு வாங்கக்கா" என்றாள். அவள் முகம் வழக்கம்போல இல்லை, கொஞ்சம் வாடியிருந்தது. ஆட்டோ கிளம்பியதும் எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. இப்போது தெரிகிறதா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் எங்கள் நீண்ட பயணங்கள் நன்றாகவே இருந்தன. தாம்பரத்தில் என் கணவர் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் நாலு வார்த்தைதான் பேசுவார். ரயில் ஏறி ஒரு சில நாள் ஆனதும் ஆள் மாறிவிடுவார். தோளெல்லாம் தளர்ந்துவிடும். ஆக்ராவில் வெயில் தாங்காமல் மகளுக்கு வாந்தி வந்தபோது, இரவல் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அவரே அவள் துணியை அலசினார். சிம்லாவில் சுட்ட சோளத்தை உதிர்த்து என் கையில் போட்டார். ஊரில் என்றால் அதெல்லாம் நடக்காது. நான் அந்தக் குளிரில் சோளத்தை மென்றுகொண்டே நினைத்தது என்ன தெரியுமா? இப்போது அவள் இரும்புலியூரில் கரண்ட் இல்லாமல் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்றுதான். அந்த நினைப்பு சோளத்தைவிட ருசியாக இருந்தது.

அப்போது மகள் ஒரு மட்டக்குதிரையைக் காட்டி, "சித்தப்பா இருந்தா என்னை ஏத்திக்கிட்டு வேகமா ஓட்டியிருப்பாரு" என்றாள்.

"அப்பாவ ஏத்தச் சொல்லு."

"அப்பா கூடவே புடிச்சிக்கிட்டு நடப்பாரும்மா."

சிம்லாவிலிருந்து ஓரகத்திக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கினேன். தாம்பரத்தில் கம்பளியை எப்போது போர்த்துவது? எப்போதுமே போர்த்த முடியாது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நான் போன இடம் அவளுக்கு ஞாபகம் வரட்டும் என்றுதான் வாங்கினேன். அவளோ வாங்கின கையோடு, ஜூன் மாதப் புழுக்கத்தில், அதைப் போர்த்திக்கொண்டு மாடிப் பால்கனியில் போய் நின்றாள். "எங்க அக்கா சிம்லாவுலேர்ந்து எனக்கோசரம் வாங்கினு வந்தாங்க!" என்று தெருவைப் பார்த்துக் கூவினாள். எதிர்வீட்டு அம்மாள், பக்கத்துவீட்டுப் பெண்கள் எல்லாரும் மேலே போய்ச் சால்வையைத் தொட்டுப் பார்த்து, அவளுக்குச் சிவப்பு எடுப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார்கள். சிம்லா போனது நான். கொண்டாட்டம் அவளுக்கு.

தொண்ணூறுகள் தொடங்கிய பிறகு ஒரு கோடையில் கொழுந்தனாரின் பட்டறையில் ஆர்டர் இல்லாமல் சில வாரம் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். நாங்கள் அந்த மே மாதம் மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று கிளம்பத் தயாராக இருந்தோம். "நீயுந்தான் வீட்ல குந்திக்கினு இருக்க. ரெண்டு பேரும் எங்ககூட வாங்க" என்று என் கணவர் தம்பியைக் கூப்பிட்டுவிட்டார். என்னைக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவளுக்கு இருக்க, எனக்கென்று இருந்த ஒரே ஒரு நீண்ட பயணத்திலும் அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று எனக்கு ஆத்திரம்.

மதுரையில் முதல் நாள் அவர்கள் இருவரையும் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கோயில் பிராகாரத்தில் ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லிச் சிரிப்பதும், ஒரே டம்ளரில் ஜிகர்தண்டா குடிப்பதும், எல்லாம் புதுசாகக் கல்யாணம் ஆனவர்களைப்போல. நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தூணில் சாய்ந்து, ராமேஸ்வரம் வண்டி எந்த பிளாட்பாரம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. காரணம் தெரியவில்லை. கொழுந்தனார் லாட்ஜ் படியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தபோது, சோப்பு டப்பாவை எங்கே வைத்தாய் என்று ஆரம்பித்த பேச்சு, "உன்னியக் கட்டிக்கினு வந்து பேஜாரா போச்சு" என்பதில் போய் முடிந்தது. நாங்கள் எல்லாரும் கேட்டும் கேட்காதமாதிரி நின்றோம்.

அன்று கோயில் தீர்த்தங்களில் குளித்துவிட்டு நானும் அவளும் ஈரப் புடவையோடு கடற்கரையில் உட்கார்ந்தோம். ஆண்கள் மகளைக் கூட்டிக்கொண்டு டிபன் வாங்கப் போயிருந்தார்கள். அவள் கூந்தலைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"அக்கா, நீங்க மாமாகூட மூணு வாரம் இன்னாதான் பேசிகினு இருப்பீங்க?"

"பேசறதுக்கு என்ன இருக்கு? அவர் டைம் டேபிளப் பாப்பாரு. நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

"பேசாமயா? சண்ட கிண்ட போட்டுகினா?"

"சண்டையெல்லாம் கிடையாது. பேசத் தோணாது, அவ்வளவுதான்."

அவள் மறுபடி கூந்தலைப் பிழிந்தாள். பிறகு, "எங்களுக்கு ஒரு நாளுதாங்க்கா" என்றாள். "அந்த ஒரு நாளு ராஜா ராணி மாரி இருப்போம். ரெண்டாவது நாளு சாய்ந்தரம் ஆச்சுன்னா அவருக்கு மூஞ்சி மாறிடும். எனக்கும் வாய் நீண்டுடும். அதுக்கு முன்னால வூட்டுக்கு வந்து சேந்துடுவோம். காலைல அவரு பட்டறைக்குப் போயிட்டா திரும்ப சரியாப் பூடும். அதான் வாரா வாரம் ஓடறோம், வாரா வாரம் திரும்பறோம்."

அவளே தொடர்ந்தாள்.

"நீங்க டில்லி போனப்போ வூட்டுச் சாவிய என்னாண்ட குடுத்தீங்கல்ல? செடிக்குத் தண்ணி ஊத்தசொல்ல அந்தப் பூட்டையே பாத்துகினு நிப்பேன். எப்டிடா இத்தினி நாள் ஒண்ணா இருக்காங்கன்னு எனக்கு வயிறு பத்திகினு எரியும். தப்பா நெனச்சுக்காதீங்கக்கா."

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது சந்தோஷம். இத்தனை வருடம் நான் மட்டும் எரியவில்லை, மேலேயும் எரிந்திருக்கிறது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் இன்னொரு எரிச்சல் வந்தது. அவள் தலையைப் பிழிந்துகொண்டே எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! என் நாக்கின் நுனியில் கோவளமும் மாமல்லபுரமும் ஒற்றைப் பின்னலும் எல்லாம் நின்றன. ஒன்றையும் சொல்லவில்லை. "புடவை காயட்டும், எழுந்து நில்லு" என்றேன்.

டிபன் பொட்டலத்தோடு வந்த கொழுந்தனார், "அண்ணா, நாங்க ஊருக்குக் கெளம்பறோம். எனக்கு ஒத்து வரல" என்றார். மறுநாள் மெட்ராஸ் வண்டியில் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் போவதாக முடிவு. அதுகூடப் பரவாயில்லை. அப்போது பதினோரு வயதை எட்டிய என் மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நானும் சித்திகூடவே போறேன்."

"கன்னியாகுமரி பாக்கவேணாமா?"

"எனக்கு போர் அடிக்குதும்மா. இன்னும் எத்தன நாளு சும்மா சுத்திக்கிட்டு இருக்கறது?"

வேண்டாம் என்று என் கணவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர், "போகட்டும் விடு" என்றுவிட்டார். வண்டி நகர்ந்தபோது அந்தக் கூட்டமான பெட்டியில், சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் நடுவில் என் மகள் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குக் கை காட்டக்கூட அவளுக்கு நேரம் இல்லை. சித்தி உரித்துக் கொடுத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டிருந்தாள்.

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நானும் அவரும் மட்டும் ஓர் ஊருக்குப் போனது அந்தக் கன்னியாகுமரிக்குத்தான். அவர் உற்சாகமாகத்தான் இருந்தார். எனக்குக் கடல் கண்ணில் ஏறவில்லை. இப்போது மேல் போர்ஷனில் யார் அவளுக்குத் தலை வாருவார்கள், எந்தத் தட்டில் அவள் சாப்பிடுவாள் என்றே ஓடிக்கொண்டிருந்தது. "இவ்ளோ தூரம் வந்துட்டு நீ வேற எங்கியோ பாத்துக்கிட்டு இருக்கியே" என்றார் அவர்.

அடுத்த யாத்திரை பூரி, அங்கிருந்து கல்கத்தா. அந்த வருடம் டைம் டேபிள் வெளியே வந்த சில நாளிலேயே ஓரகத்தி கீழே இறங்கி வந்தாள். "அக்கா, இந்த வாட்டி நான் மட்டும் வரட்டுமா? அவர வுட்டுட்டு?" நான் பதில் யோசிப்பதற்குள் கூடத்திலிருந்து என் கணவர், "தாராளமா வா. உனக்குத் தனியா டிக்கெட் எடுத்துடலாம்" என்றார்.

நீண்ட பயணம் அவளுக்கு ஒத்துவராது, இரண்டாவது நாளே முகம் மாறிவிடும் என்று நான் காத்திருந்தேன். மாறவில்லை. வண்டி கூடூர் தாண்டியபோது அவள் என் கணவரிடம், "மாமா, இது இன்னா ஊரு?" என்று கேட்டாள். அவர் சொன்னார். "இங்க எவ்ளோ நேரம் நிக்கும்?" சொன்னார். "ஆத்து மேல பாலம் எப்போ வரும்?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, டைம் டேபிளை அவள் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தார். எத்தனையோ வருடமாக அந்தப் புத்தகம் என் பக்கத்தில் இருந்திருக்கிறது. ஒரு ஸ்டேஷன் பெயரைக்கூட நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சிலிகா ஏரி ஓரமாக வண்டி போனபோது பொழுது விடிந்துகொண்டிருந்ததாம். தண்ணீர் வானம்வரைக்கும் இருந்ததாம், படகெல்லாம் நின்றதாம். அவர் அவளையும் மகளையும் எழுப்பிக் காட்டியிருக்கிறார். நான் எழுந்தபோது ஏரி பின்னால் போய்விட்டது. மூன்று பேரும் ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னை ஏன் எழுப்பல?" என்றேன்.

"நீ எப்பவும் தூங்குவியே. எழுப்பினா கோவிச்சுப்ப."

அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. பூரியில் கோயில் வாசலில் எல்லார் எதிரிலும் சண்டை போட்டேன். எதற்கு என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. எங்கள் நீண்ட பயணங்களில் அதுதான் முதல் சண்டை. ஓரகத்தி என்னைச் சமாதானப்படுத்தத் தன் பங்குப் பிரசாதத்தை என் இலையில் வைத்தாள். அதையும் சேர்த்து முறைத்தேன்.

திரும்பி வந்து, சென்ட்ரலில் இறங்கி, எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்துத் தாம்பரம் வந்தபோது மத்தியானம். பெட்டிகளோடு இறங்கினால், பிளாட்பாரத்தில் ஓவர்பிரிட்ஜ் படிக்குக் கீழே கொழுந்தனார் நின்றுகொண்டிருந்தார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி இருந்தது. பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவர் என் கணவரைப் பார்த்து, "காலீலேர்ந்து இங்கியேதான் நின்னுகினு கீறாரு சார். ஒவ்வொரு வண்டியா பாத்துகினு" என்றார்.

ஓரகத்தி அவர் எதிரில் போய் நின்றாள். "இன்னா இப்டி எளச்சுட்ட?"

"நீ இல்லாம இன்னாத்த துன்றது."

அவ்வளவுதான் பேசினார்கள். அவர் அவள் கையிலிருந்த பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஸ்டேஷனுக்கு வெளியே ஸ்கூட்டர் நின்றது. அவள் ஏறி உட்கார்ந்ததும் அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணி, இவ பொட்டிய மட்டும் கொஞ்சம் எடுத்துக்கினு போயிடுங்க" என்றார். வண்டி இரும்புலியூர் பக்கம் திரும்பவில்லை. எங்கேயோ வேறு பக்கம் போனது. நான் நாலு பெட்டிகளோடு நின்றேன். நாலாவது அவளுடையது. என் கணவர் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அவர்கள் பொழுது சாய்ந்த பிறகுதான் வீடு வந்தார்கள். அதன்பின் அதுவே வழக்கமாகிவிட்டது. பெரிய யாத்திரைக்கு எங்களோடு வருவாள். மற்ற வாரமெல்லாம் ஸ்கூட்டர். பிரிந்து இருந்துவிட்டு வந்ததாலோ என்னவோ, அவர்களால் அப்புறம் ஒன்றாக மூன்று நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடிந்தது. போனால் மூன்று வாரம் போகவேண்டுமா, வாரா வாரம் ஒரு நாள் போகவேண்டுமா என்று என் வீட்டில் எத்தனை வருடம் வாதம் நடந்தது! அவள் வாதமே பண்ணாமல் இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தாங்கவில்லை. திருத்தவேண்டிய தாளையெல்லாம் கட்டி அலமாரியில் வைத்தேன். என் கணவர் வரவில்லை என்றார். மகளை மட்டும் கிளப்பினேன்.

"சித்தியக் கூப்பிடலாமாம்மா?"

"வேணாம்" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருந்தது.

தண்ணீர்க் கேன் இல்லாமல், குடை இல்லாமல், வண்டி பிடித்துச் செங்கல்பட்டு போனோம். கொளவாய் ஏரிக்கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்தோம். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர், கொஞ்சம் கொக்கு, அக்கரையில் மாடு. முதலில் மகள் சலித்துக்கொண்டாள். அப்புறம் வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டே, வகுப்பில் தன்னோடு பேசுவதை நிறுத்திவிட்ட ஒரு சிநேகிதியைப்பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நீளமான கதை. நடுவில் நான் புத்தி சொல்லவில்லை. "சித்திகிட்ட இதச் சொன்னியா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டேன். "இல்ல, இன்னும் சொல்லல" என்றாள். அந்தக் கதையை நான் இரண்டு மடங்கு கவனத்தோடு கேட்டேன்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது ஓரகத்தி பால்கனியில் நின்றிருந்தாள். கொழுந்தனாருக்கு ஓவர்டைம், அதனால் அன்று அவர்கள் எங்கேயும் போகவில்லை.

"எங்கக்கா போயிட்டு வரீங்க?"

"செங்கல்பட்டு. ஏரிக்கு."

"என்னிய ஒரு வார்த்த கூப்டலியே."

அவள் முகம் விழுந்துவிட்டது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியாது. "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை விட்டேன். அன்றைக்குச் சாப்பாடு எனக்கு நன்றாக இறங்கியது.